முகத்தில் இனம் தேடலாமா?

கீழடியிலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் தொலைவில் இருக்கிறது கொந்தகை. அங்குள்ள தொன்மையான ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டை ஓடுகளுக்கு 2025-ஆம் ஆண்டின் நடுவில் முகம் கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை அளித்த தரவுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக முக ஆய்வகம் கணினி வழியே அவற்றுக்குத் தசையும் தோலும் அணிவித்தது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் வைகைக் கரையில் வாழ்ந்த இருவர் நம்மை நேருக்கு நேர் பார்ப்பது போன்ற அந்தப் படங்கள் நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் வேகமாகப் பரவின.

அவற்றைப் பார்த்தவர்களில் ‘இவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?’ என்று கேட்டவர்கள் குறைவு. ‘இவர்கள் யாரைப் போல இருக்கிறார்கள்?’ என்று கேட்டவர்களே மிகுதி. மூக்கைப் பார்த்து ஆரியர் என்றார் ஒருவர். நிறத்தைப் பார்த்துத் திராவிடர் என்றார் மற்றொருவர். தோலின் நிறம் ஏன் இவ்வளவு வெளுத்திருக்கிறது என்று சிலர் சினந்தனர். ஏன் இவ்வளவு கறுத்திருக்கிறது என்று வேறு சிலர் முகம் சுளித்தனர். எங்கள் மேலூர்த் தேநீர்க் கடைகளில் விவாதம் இன்னும் ஒரு படி கீழிறங்கி, அந்த முகம் எந்தச் சாதியின் முகம் என்ற இடத்தில் வந்து நின்றது.

இந்தக் கேள்விகள் எதற்கும் அந்த முகங்களில் விடை கிடையாது. மண்டை ஓட்டுக்குச் சொல்லத் தெரிந்தவை சில. மரபணுவுக்குச் சொல்லத் தெரிந்தவை சில. நாம் கேட்பதோ அவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டது. விடை இல்லாத இடத்தில் விடையை வலிந்து எழுதினால் என்ன நேரும் என்பதற்கு மதுரை மாவட்டத்தின் வரலாறே சான்று. இது உயிரியலாளர்கள் பேச வேண்டிய பொருளாயிற்றே, பொருளியல் கற்பித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நான் பல்லாண்டுகள் வகுப்பறையில் கற்பித்த புள்ளியியல் கருவிகளில் சில, மனித உடலையும் முகத்தையும் அளக்கும் முயற்சியில் பிறந்தவை. அதனால் எனக்கும் இதில் ஒரு சொல் சொல்ல இடமுண்டு.

எலும்பு எவ்வளவு சொல்லும்?

முதலில் மண்டை ஓட்டை எடுத்துக்கொள்வோம். அதனை சி.டி. ஸ்கேன் செய்து முப்பரிமாண வடிவமாக்குகிறார்கள். தாடையில் தசை பற்றியிருந்த இடங்கள், கண்குழியின் வடிவம், மூக்கெலும்பின் சரிவு, பல்வரிசை ஆகியவற்றைக் கொண்டு தசைகளை ஒவ்வொன்றாக அமைக்கிறார்கள். நெற்றியில், கன்னத்தில், முகவாயில் சதையின் பருமன் சராசரியாக எவ்வளவு இருக்கும் என்பதற்கு, இன்று வாழும் மக்களிடம் எடுத்த அளவுகள் உதவுகின்றன. இவ்வாறு கிடைக்கும் முகத்தின் சட்டகம் பெரும்பாலும் நம்பத் தகுந்தது. காணாமற்போனவர்களை அடையாளம் காணத் தடயவியல் துறையும் இம்முறையைப் பயன்படுத்துகிறது.

ஆனால் எலும்பில் பதியாதவை பல உண்டு. தோலின் நிறம், கண்ணின் நிறம், முடியின் சுருள், புருவத்தின் அடர்த்தி, காதின் மடல், கன்னத்தின் கொழுப்பு, சிரிக்கும்போது விழும் குழி ஆகிய எதையும் எலும்பு சொல்லாது. கொந்தகை முகங்களின் நிறம், இன்று இப்பகுதியில் வாழும் மக்களின் நிறத்தை ஒட்டி அமைக்கப்பட்டது. அதாவது, எந்த நிறத்தைப் பற்றி நாம் அவ்வளவு கடுமையாக வாதிட்டோமோ, அந்த நிறம் மண்டை ஓட்டிலிருந்து வரவே இல்லை. அது நம்மிடமிருந்தே வந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு ‘இது யார்?’ என்று கேட்பதற்கும் நாம் செய்ததற்கும் அதிக வேறுபாடில்லை.

இத்தகைய சர்ச்சை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஹரியாணா மாநிலத்தின் ராக்கிகடியில், சிந்துவெளிக் காலத்து இடுகாட்டில் கிடைத்த இரு மண்டை ஓடுகளுக்கு 2019-இல் முகம் அமைத்தார்கள். அப்போதும் அந்த முகங்களின் வாயில் தத்தம் அரசியலைத் திணிக்கப் பலர் முந்தினர். ஈராயிரம், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள் என்ற துணிச்சல் எல்லாத் தரப்புக்கும் இருக்கிறது.

மரபணு எவ்வளவு சொல்லும்?

‘அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்’ என்று நம் பாட்டிமார்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. முகம் பெரிதும் மரபுவழியில் வருவது. உருவத்தால் வேறுபிரிக்க இயலாத ஒரு கரு இரட்டையரே அதற்குக் கண்முன் உள்ள சான்று. தாயின் வயிற்றில் நான்காம் வாரம் முதல் எட்டாம் வாரத்துக்குள், கருவின் நரம்பு முகட்டிலிருந்து புறப்படும் உயிரணுக்கள் முன்பக்கம் நகர்ந்து, தனித்தனி மேடுகளாக வளர்ந்து, நடுவில் ஒன்றோடொன்று இணைகின்றன. மூக்கும் மேலுதடும் அண்ணமும் அவ்வாறுதான் உருவாகின்றன. எந்த மேடு எவ்வளவு வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை வழிநடத்துபவை மரபணுக்கள்.

ஆயினும், மூக்குக்கு ஒரு மரபணு, தாடைக்கு ஒரு மரபணு என்று ஒன்றுக்கு ஒன்றாக எழுதிவைத்த பட்டியல் எதுவும் இல்லை. லத்தீன் அமெரிக்காவில் ஏறத்தாழ 6,000 பேரை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு, மூக்கின் வடிவத்தோடு மட்டும் நான்கு மரபணுக்களைத் தொடர்புபடுத்தியது. டி.சி.எச்.எஸ்.2 மூக்கு நுனியின் கூர்மையோடும், ரன்எக்ஸ்2 மூக்குத் தண்டின் அகலத்தோடும், ஜி.எல்.ஐ.3, பேக்ஸ்1 ஆகியவை மூக்குத் துளைகளின் விரிவோடும் தொடர்புடையவை. ஐரோப்பிய மரபினர் 8,246 பேரின் முப்பரிமாண முகப் படங்களை ஆராய்ந்த 2021-ஆம் ஆண்டின் ஆய்வு, முக வடிவத்தோடு தொடர்புடைய 203 மரபணுப் பகுதிகளைக் கண்டது. இவற்றில் ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. எல்லாம் கூடினாலும் ஒருவரின் முகத்தை வரைந்துவிட முடியாது.

இதைப் பொருளியல் மொழியில் சொல்வதானால், முகம் என்பது நூற்றுக்கணக்கான சிறு முதலீட்டாளர்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனம். எந்த ஒருவரும் அதற்கு உரிமையாளர் அல்லர். அதனால்தான் ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரு பிள்ளைகளில் ஒருவன் தாத்தாவின் மூக்கோடும், மற்றவன் அத்தையின் நெற்றியோடும் வளர்கிறான். ஒவ்வொரு பிறப்பிலும் பங்குகள் புதிதாகக் குலுக்கிப் போடப்படுகின்றன.

நிறத்தின் கதையும் இப்படித்தான். எஸ்.எல்.சி.24.ஏ.5 என்ற மரபணுவின் ஒரு வடிவம் தோலை வெளுக்கச் செய்கிறது என்பது 2005-இல் தெரியவந்தது. ஐரோப்பியர் ஏறக்குறைய அனைவரிடமும் உள்ள அந்த வடிவம் இந்தியாவின் வடக்கிலும் தெற்கிலும், வெவ்வேறு மொழி பேசுவோரிடத்தும், வெவ்வேறு சமூகத்தாரிடத்தும், வெவ்வேறு விகிதங்களில் கலந்து காணப்படுகிறது. வெள்ளைக்கு ஒரு நாடு, கறுப்புக்கு ஒரு நாடு என்று கோடு போட மரபணு இடம் தரவில்லை. மூக்கின் அகலத்தைப் பொறுத்தவரை, அது மூதாதையர் வாழ்ந்த நிலத்தின் வெப்பத்தோடும் காற்றின் ஈரப்பதத்தோடும் ஓரளவு இணைந்து செல்வதாக 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. குளிர்ந்த வறண்ட காற்றை நுரையீரலுக்கு ஏற்றவாறு சூடாக்கி ஈரமாக்க ஒடுங்கிய மூக்கு உதவுகிறது. மூக்கின் வடிவத்தில் ஏதேனும் வரலாறு இருக்குமானால், அதில் பெரும்பகுதி வானிலையின் வரலாறாகவே இருக்கக்கூடும்.

அப்படியானால், சில சமூகத்தாரிடம் ஒரே சாயல் திரும்பத் திரும்பத் தெரிகிறதே, அது எதனால் என்ற கேள்வி நியாயமானது. விடை திருமண முறையில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் இரத்த உறவுக்குள் மணந்தவர்கள். அத்தை மகனும் தாய்மாமனும் முறைமாப்பிள்ளைகளாக நிற்கும் ஊர்களில் அதே பங்குகள் அதே வீடுகளுக்குள்ளேயே சுற்றிவருகின்றன. ஆகவே அதே மூக்கும் அதே புருவமும் திரும்பி வருகின்றன. இங்கே காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிக்கொள்ளக் கூடாது. முகம் வேறு என்பதனால் சாதி பிரியவில்லை. சாதிக்குள் மணம் முடித்ததனால்தான் சில சாயல்கள் ஒரு வேலிக்குள் அடைபட்டன. வேலியைத் திறந்துவிட்டால் இரண்டு தலைமுறைகளில் அந்தச் சாயல் ஊர் முழுவதும் பரவிவிடும்.

அளவுகோலின் வரலாறு

முகத்தை அளந்து மனிதனைத் தரம் பிரிக்கும் ஆசை பழையது. பொருளியல் மாணவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ‘ரிக்ரஷன்’ என்ற கணக்குமுறைக்குப் பெயர் தந்தவர் பிரான்சிஸ் கால்டன். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புகிறார்கள் என்று 1886-இல் எழுதியபோது அவர் அச்சொல்லைக் கையாண்டார். மேலான மனிதரைப் பெருக்க வேண்டும் என்னும் ‘யூஜெனிக்ஸ்’ கொள்கைக்கும் அவரே பெயர் சூட்டினார். குற்றவாளிகளுக்கென்று ஒரு முகம் இருக்கும் என்று நம்பிய அவர், தண்டனை பெற்றவர்கள் பலரின் நிழற்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துப் பார்த்தார். விளைவு அவர் எதிர்பார்த்தபடி அமையவில்லை. கொடுமை தெறிக்கும் முகத்தை எதிர்பார்த்தவருக்கு, தனித்தனிப் படங்களைவிடச் சாந்தமான, பார்க்கச் சகிக்கக்கூடிய ஒரு முகம் கிடைத்தது. தனிமனிதரின் கோணல்கள் சராசரியில் கரைந்துபோயின. குற்றத்துக்கு முகம் கிடையாது என்பதைக் கால்டனின் சொந்தக் கேமராவே காட்டியது. ஆனால் அந்தப் பாடத்தை அவருடைய காலம் கற்கவில்லை.

அதே ஆசை இந்தியாவுக்கும் கப்பலேறி வந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கி ‘நாசி எண்’ கணக்கிட்டார். அந்த எண் குறையக் குறையச் சாதியின் தகுதி உயர்கிறது என்றார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். கே. ரங்காச்சாரியின் துணையுடன் அவர் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் இன்றும் அச்சில் இருக்கின்றன. இன்றும் சாதிச் சங்கக் கூட்டங்களில் மேற்கோளாகின்றன.

இந்தக் கணக்கை உள்ளிருந்தே சோதித்த இந்தியர்களும் இருந்தார்கள். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பி என்று பொருளியல் மாணவர்கள் அறிந்த பி.சி. மகலனோபிஸ், புள்ளியியலுக்குள் நுழைந்த வாசல்களில் ஒன்று கொல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராய்ந்த பணி. அது 1922-இல் வெளிவந்தது. பின்னர் அவர் ரிஸ்லியின் அளவுகளையும் மறு ஆய்வுக்கு உட்படுத்தினார். 1936-இல் அவர் வகுத்த ‘மகலனோபிஸ் தொலைவு’ இன்று வங்கி மோசடியைக் கண்டுபிடிப்பது முதல் செயற்கை நுண்ணறிவு வரை பயன்படுகிறது. ஒரே ஓர் எண்ணைக் கொண்டு மனிதக் கூட்டங்களை அடுக்கிவைக்க இயலாது, பல அளவுகளை அவற்றின் உள்ளுறவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

அதே காலத்தில், 1920-களின் இறுதியில், ஐராவதி கார்வே என்ற இந்தியப் பெண் பெர்லினில் மண்டை ஓடுகளை அளந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வு வழிகாட்டி, பின்னாளில் நாஜிகளின் இனக் கொள்கைக்குத் துணைநின்ற ஆய்கென் ஃபிஷர். மண்டை ஓட்டின் சமச்சீரின்மை இனத்துக்கு இனம் வேறுபடுகிறதா என்பதே கேள்வி. அளவுகளில் அப்படி ஒரு தொடர்பும் இல்லை என்று கண்ட கார்வே, இல்லை என்றே எழுதினார். அதிகாரம் எதிர்பார்த்த விடையைத் தராமல் தரவு தந்த விடையை எழுதிய அந்த நேர்மையைத்தான் எந்த முக ஆய்விலும் நாம் முதலில் தேட வேண்டும்.

ரேகைச் சட்டத்தின் நிலம்

அளவைகளும் வகைப்பாடுகளும் ஏட்டோடு நின்றிருந்தால் பெரிய தீங்கில்லை. அவை சட்டமான கதை மதுரைக்காரர்களுக்குத் தெரியும். 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. நம் மக்கள் அதனை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். இன்னாருக்குப் பிறந்தவன் என்பதே குற்றத்துக்குச் சான்றாயிற்று. ஆண்கள் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் காவலர் கண்ணுக்குத் தெரியும்படி வந்து படுக்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். இதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல் துறை சுட்டதில் ஒரு பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பொருளியலில் ‘புள்ளியியல் பாகுபாடு’ என்றொரு கருத்து உண்டு. தனிமனிதரைத் தனித்து அறியும் செலவைத் தவிர்க்க, அவருடைய கூட்டத்தின் சராசரியை அவர் தலையில் ஏற்றிவிடுவதே அது. வேலைக்கு ஆள் எடுப்பவரும், வீடு வாடகைக்கு விடுபவரும், மணமகள் தேடுபவரும் அதனைச் செய்கிறார்கள். ரேகைச் சட்டம் அதன் கொடூர வடிவம். அதன் அடிப்படைப் பிழையை மரபியலே வெளிப்படுத்துகிறது. மனிதகுலத்தின் மரபணு வேறுபாடுகளில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று ரிச்சர்ட் லெவோன்டின் 1972-இல் கணக்கிட்டார். கூட்டத்துக்குக் கூட்டம் உள்ள வேறுபாடு எஞ்சிய சிறு பங்கு மட்டுமே. உள்வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, கூட்டத்தின் சராசரி தனிமனிதரைப் பற்றி ஏறத்தாழ எதையும் சொல்லாது.

கண்காணிக்கும் கேமரா

இது பழங்கதை அன்று. பெருங்காமநல்லூர் துப்பாக்கிச்சூடு நடந்த அதே 1920-இல் பிறந்த கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக, 2022-இல் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம் வந்திருக்கிறது. கைரேகையோடு கருவிழி, விழித்திரைப் பதிவுகளையும் உயிரியல் மாதிரிகளையும் எடுக்க அது இடமளிக்கிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். தமிழ்நாடு காவல் துறை 2021 முதல் முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துகிறது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசு முகமைகளுக்கு விரிவான விலக்கு அளிக்க வழி வைத்திருக்கிறது.

இதிலுள்ள இடரை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் 10 லட்சம் பேர் வைகைக் கரையில் கூடுவதாகக் கொள்வோம். அவர்களுள் தேடப்படும் குற்றவாளிகள் 20 பேர் இருப்பதாகவும், கேமரா அந்த 20 பேரையும் தவறாமல் பிடித்துவிடுவதாகவும், அதே நேரத்தில் ஆயிரம் பேரில் ஒருவரை மட்டும் தவறாகக் குற்றவாளி என்று காட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். 99.9 சதவீதத் துல்லியம் என்று விளம்பரம் செய்யத் தக்க கருவி அது. ஆனால் அன்று அது கைகாட்டும் 1,020 பேரில் ஏறத்தாழ 1,000 பேர் குற்றமற்றவர்கள். கூட்டம் பெரிதாகும்போது சிறு பிழையும் பெரும் அநீதியாகும் என்பதைப் புள்ளியியலின் முதலாண்டு மாணவரும் அறிவார்.

பிழை எல்லோர் மீதும் சமமாகவும் விழுவதில்லை. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் வெள்ளையரைவிட ஆசியர், கறுப்பினத்தவர் முகங்களைப் பன்மடங்கு மிகுதியாகத் தவறாகப் பொருத்தியது தெரியவந்தது. மரபணுவிலிருந்தே முகத்தை வரையும் வணிகமும் வந்துவிட்டது. கனடாவின் எட்மன்டன் நகரக் காவல் துறை 2022-இல், குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த டி.என்.ஏ.விலிருந்து உருவாக்கிய ஒரு கறுப்பின இளைஞரின் படத்தை வெளியிட்டது. அப்படம் எந்தத் தனிமனிதரையும் சுட்டவில்லை. ஒரு சமூகத்தின் அத்தனை இளைஞர்களையும் சுட்டியது. கண்டனம் எழவே, படத்தை விலக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டது அந்தத் துறை. ரேகைச் சட்டத்தின் தர்க்கம் ஆய்வகத்தின் வெள்ளைக் கோட்டு அணிந்து வந்தாலும் அதே தர்க்கம்தான்.

சந்தையும் சும்மா இருப்பதில்லை. 1975-இல் அறிமுகமாகி, நிறத்தையே மூலதனமாகக் காட்டி வளர்ந்த முகப்பூச்சு ஒன்று, 2020-இல் ‘ஃபேர்’ என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கியது. பெயர் மாறியது, திருமண விளம்பரங்களின் சொற்கள் மாறவில்லை. வாழ்நாள் முழுதும் வயலில் நின்ற தாயின் நிறம் மகளின் வரதட்சணைக் கணக்கில் ஏறும் சமூகம் இது. கொந்தகை முகத்தின் நிறத்தைப் பற்றிய சண்டை தொல்லியலில் தொடங்கியதன்று; நம் வீட்டுக் கூடங்களில் நடப்பதன் எதிரொலி.

அறிவியலைக் கைவிட வேண்டுமா?

முக மரபியலே வேண்டாம் என்பது என் வாதமன்று. உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவோடோ அண்ணப் பிளவோடோ பிறக்கிறது. கருவில் இணைய வேண்டிய மேடுகள் இணையாமற்போவதே அதன் காரணம். ஐ.ஆர்.எஃப்.6 போன்ற மரபணுக்களின் பங்கு தெரிந்த பிறகு, அதனைத் தாயின் பாவம் என்றும் கிரகணத்தில் வெளியே வந்ததன் விளைவு என்றும் பழிபோட இடமில்லை. இரத்த உறவுத் திருமணத்தின் இடர்களைக் குடும்பங்களுக்கு விளக்கவும் மரபியல் உதவுகிறது. 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அதன் பயன் நோய்களைப் புரிந்துகொள்வதில் இருக்க வேண்டும். குலப்பெருமையை அளப்பதில் அன்று.

பழங்கால டி.என்.ஏ. ஆய்வும் தேவையே. நம் வெப்பத்தில் எலும்புக்குள் மரபணு சிதைந்துவிடுவதால் அது கடினமான பணி. கிடைத்தால், தாழியில் புதைக்கப்பட்டோரிடையே உறவு இருந்ததா, எவ்வகை மூதாதையரின் கலப்பு அவர்களிடம் இருந்தது என்பன தெரியலாம். கொந்தகை முகங்களில் தென்னிந்தியக் கூறுகள் மேலோங்கியிருந்தாலும் மேற்கு யூரேசிய, ஆஸ்ட்ரோ ஆசியக் கூறுகளின் சாயலும் இருப்பதாகக் காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். வியப்பதற்கு ஒன்றுமில்லை. இந்திய மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2009-இலும் 2013-இலும் வந்த ஆய்வுகள், இன்றைய இந்தியர் ஏறத்தாழ அனைவரும் கலப்பின் மக்களே என்று காட்டின. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தக் கலப்பு பரவலாக நிகழ்ந்தது. அகமணக் கட்டுப்பாடு இறுகியது அதன் பிறகே. கொந்தகையில் புதைந்தவர்கள் கதவு திறந்திருந்த காலத்தவர்கள். அவர்களிடம் போய்ச் சாதிச் சான்றிதழ் கேட்பது, கதவைப் பின்னாளில் மூடியவர்களின் கேள்வி.

ஆகவே சில நடைமுறைகள் வேண்டும். முகம் ஒன்றை மீட்டுருவாக்கி அருங்காட்சியகத்தில் வைக்கும்போது, எது எலும்பிலிருந்து வந்தது, எது அனுமானம் என்று அருகிலேயே தமிழில் எழுதிவைக்க வேண்டும். ஒரே மண்டை ஓட்டுக்கு வெவ்வேறு நிறங்களில் மூன்று முகங்களைக் காட்டினால், பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் இராது. ஆய்வு முடிவுகள் செய்தியாளர் சந்திப்புக்கு முன் ஆய்விதழ்களில் வரவேண்டும். காவல் துறையின் முக அடையாள மென்பொருளின் பிழை விகிதம் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். மென்பொருளின் பொருத்தம் மட்டுமே கைதுக்குக் காரணமாகாது என்பது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

மொழி மரபணுவில் இல்லை, பண்பாடும் இல்லை. கீழடி மக்களைத் தமிழர் என்று நமக்குச் சொன்னது அவர்களின் தாடை எலும்பன்று. பானை ஓட்டில் அவர்கள் கீறிவைத்த ஆதன், குவிரன் போன்ற பெயர்கள். மேலூருக்கு அருகில் மாங்குளம் மலைக் குகையில், ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சமணத் துறவிகளுக்குக் கற்படுக்கை செய்து கொடுத்தவர்களுள் வெள்ளறையின் வணிகக் குழுவினரும் அடங்குவர் என்று அவை தெரிவிக்கின்றன. அந்த வணிகர்களின் மூக்கு கூர்மையா சப்பையா, நிறம் கறுப்பா சிவப்பா என்பதை நாம் அறியோம். அவர்கள் குழுவாகத் தொழில் செய்தார்கள், பொருள் ஈட்டினார்கள், தம் மரபைச் சேராத துறவிக்கும் இடம் கொடுத்திருக்கக்கூடும், அதனை எழுதிவைக்க எழுத்தறிந்திருந்தார்கள் என்பதை அறிவோம். பெருமை கொள்ள நமக்கு அது போதும். பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவும் அதுவே தகும்.